தடம் பார்த்தவர்கள்

1947ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் சில பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து உட்கார்ந்திருந்தார்கள். பிரனீஸ் மலைத்தொடரில் பிக் து மிதி என்னும் உச்சியில், 2,800 மீட்டருக்கு மேல், வாரக்கணக்கில் கிடந்து வந்த புகைப்படத் தகடுகள் அவர்கள் முன் இருந்தன. ஒவ்வொரு தகட்டையும் இம்மி இம்மியாக நகர்த்திப் பார்த்து, கரும்புள்ளிகளின் வரிசை எங்கே தெரிகிறது, எங்கே முடிகிறது, எங்கே திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். இங்கே வேண்டியது கல் என்பது மட்டும் வேறுபாடு. இயற்பியல் படித்திருக்கத் தேவையில்லை, கண்ணும் பொறுமையும் போதும் என்று வைத்திருந்தார்கள்.

மரியெட்டா குர்ஸ் என்பவர் ஒரு நாள் விசித்திரமான ஒரு தடத்தைக் கண்டார். ஒரு துகள் மெல்ல மெல்ல வேகம் இழந்து நின்றிருக்கிறது. அது நின்ற புள்ளியிலிருந்தே இன்னொரு துகள் புறப்பட்டுப் போயிருக்கிறது. இரண்டாவது தடம் முடிவதற்குள் தகட்டின் பூச்சைவிட்டு வெளியேறிவிட்டது. அடுத்த சில நாட்களில் ஐரீன் ராபர்ட்ஸ் அதேபோல் இன்னொன்றைக் கண்டார். இம்முறை இரண்டாவது தடம் பூச்சுக்குள்ளேயே முடிந்திருந்தது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்று மேல். அந்த நீளத்தை அளக்க முடிந்ததால்தான் நின்ற துகள் கனமானது, புறப்பட்டது இலேசானது என்று சொல்ல முடிந்தது. கனமானது இன்று பையான் எனப்படுகிறது, இலேசானது மியூவான்.

மே மாதம் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நான்கு பேர்: லாட்டெஸ், மியூர்ஹெட், ஒக்கியாலினி, பவல். 1950இல் நோபல் பரிசு வந்தது. பெற்றவர் ஒருவர்: செசில் பவல். பாடப்புத்தகத்தில் அது இன்னும் சுருங்கி, 1947இல் பவல் பையானைக் கண்டுபிடித்தார் என்று ஆயிற்று. இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் எத்தனை பேர் மடித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் துகள் இயற்பியல் எப்படி நடந்தது என்பது சூத்திரங்களில் இல்லாத வகையில் தெரியவரும்.

முதலில், தடத்தைக் காண்பது வேறு, அது என்னவென்று அறிவது வேறு என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். இதற்குச் சாட்சி ஏழைகளோ புறக்கணிக்கப்பட்டவர்களோ அல்ல. பாரிஸ் நகரத்தின் மிகப் புகழ்பெற்ற தம்பதி. ஐரீன் கியூரியும் அவர் கணவர் ஃபிரெடெரிக் ஜோலியோவும் 1932 ஜனவரியில் பெரிலியத்திலிருந்து வந்த ஒரு விளங்காத கதிரை மெழுகின் மேல் பாய்ச்சினார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள் மிகுந்த வேகத்தோடு தெறித்து வந்தன. ஆல்பா கதிர் தரும் பொலோனியம் அவர்களிடம் இருந்த அளவு வேறு எவரிடமும் இல்லை. கருவி நன்றாக இருந்தது, அளவீடு சரியாக இருந்தது, கண் சரியாகப் பார்த்தது. காமா கதிர்தான் புரோட்டானைத் தள்ளுகிறது என்று எழுதிவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் அதைப் படித்தார். மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் இருக்கக்கூடும் என்று அவருடைய ஆசான் ரதர்ஃபோர்டு 1920இலேயே சொல்லியிருந்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த யோசனையைச் சுமந்துகொண்டிருந்த மனிதருக்கு பாரிஸ் அளவீடு என்ன சொல்கிறது என்பது உடனே புரிந்தது. பால்டிமோர் நகரத்து மருத்துவமனை ஒன்று சிகிச்சைக்குப் பயன்படுத்தி ஒதுக்கிய ரேடான் குழாய்களிலிருந்து பிரித்த பொலோனியத்தை வைத்துச் சோதனை செய்து, பிப்ரவரி 17ஆம் தேதி நியூட்ரான் பற்றிய கடிதத்தை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார்.

அதே தம்பதி, எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானையும் தவறவிட்டார்கள். துகள் போன வழி நீர்த்துளிக் கோடாகத் தெரியும் மேக அறையில் எலக்ட்ரானுக்கு எதிர்ப்புறமாக வளைந்த தடங்கள் அவர்கள் படங்களில் இருந்தன. கதிர் மூலத்தை நோக்கித் திரும்பி வரும் எலக்ட்ரான்கள் என்று அவற்றைக் கடந்துபோனார்கள். 1932 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சன் ஓர் ஈயத் தகட்டை அறையின் நடுவே வைத்துப் படம் எடுத்தார். ஈயத்தைக் கடந்தபின் துகள் வேகம் இழந்து அதிகம் வளையும். ஆகவே அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அவருக்கு 1936இல் நோபல்.

ஜோலியோ-கியூரி தம்பதிக்கு 1935இல் செயற்கைக் கதிரியக்கத்துக்காக வேதியியல் நோபல் கிடைத்தது. அதே ஆண்டு இயற்பியல் நோபல் நியூட்ரானுக்காகச் சாட்விக்குக்குப் போனது. இந்த இரண்டு தவறவிடல்களும் அறிவியல் வரலாற்று நூல்களில் தவறாமல் சொல்லப்படும் கதைகள். மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியவைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம்: தவறவிட்டதற்காக நினைவுகூரப்பட வேண்டுமென்றாலும் ஓர் அந்தஸ்து தேவைப்படுகிறது. அது இல்லாதவர்கள் சரியாகக் கண்டதுகூட அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது. (அந்த அந்தஸ்துக்கும் எல்லை உண்டு. நோபல் பெற்ற ஐரீனை பிரெஞ்சு அறிவியல் அகாடமி கடைசிவரை உறுப்பினராக்கவில்லை. அவர் தாய் மேரி கியூரியையும் ஆக்கவில்லை.)

பிரிஸ்டல் தகடுகளின் கதை உண்மையில் வியன்னாவில் தொடங்குகிறது. புகைப்படத் தகட்டின் பூச்சு என்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி புரோமைடு மணிகள். மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று அதை ஊடுருவினால் வழியில் உள்ள மணிகள் மாறுகின்றன. தகட்டைக் கழுவி எடுத்தால் அவை கரும்புள்ளிகளாக நிற்கின்றன. துகள் வேகம் குறையக் குறையப் புள்ளிகள் நெருங்கும். தடம் அதிகம் நெளியும். நெருக்கம், நெளிவு, நீளம் மூன்றையும் அளந்தால் துகளின் நிறையைக் கணக்கிடலாம். மேக அறை ஒரு கணத்துக்கு மட்டும் கண் திறக்கும்; இந்தத் தகடோ மலையுச்சியில் மாதக்கணக்கில் கண் மூடாமல் கிடக்கும். மின்சாரம் வேண்டாம், ஆள் காவல் வேண்டாம், சுமந்து செல்ல ஒரு பை போதும்.

சாதாரணத் தகட்டை இந்த வேலைக்குத் தகுதியாக்கியவர் மரியெட்டா பிளாவ். 1894இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1923 முதல் வியன்னா ரேடியம் ஆய்வகத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார். சம்பளம் உள்ள பதவி கேட்டபோது, பெண், அதோடு யூதர், இரண்டும் சேர்ந்தால் முடியாது என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். 1925இல் புரோட்டானின் தடத்தைத் தகட்டில் பதிவுசெய்து காட்டினார். பூச்சைத் தடிப்பாக்கவும் மணிகளைச் செம்மைப்படுத்தவும் இல்ஃபோர்டு முதலிய தகட்டு நிறுவனங்களோடு ஆண்டுக்கணக்கில் ஒத்துழைத்தார். 1937இல் அவரும் உடன் பணியாற்றிய ஹெர்தா வாம்பாகரும் இன்ஸ்புருக் அருகே ஹாஃபெலேகார் மலையில், 2,300 மீட்டர் உயரத்தில், சில மாதங்கள் தகடுகளை வைத்திருந்து எடுத்தார்கள். ஒரு மையத்திலிருந்து பல தடங்கள் நட்சத்திரம்போல் வெடித்துக் கிளம்பியிருந்தன: விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் அணுக்கருவை உடைத்த அடையாளம். அதுவரை எவரும் காணாதது.

மறு ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்டார். அந்த நாட்களிலேயே பிளாவ் வியன்னாவைவிட்டு ஆஸ்லோவுக்குப் போனார். அங்கிருந்து, ஐன்ஸ்டைன் செய்த உதவியால், மெக்சிகோவில் ஆசிரியப் பணிக்கு. வழியில் ஹாம்பர்க்கில் அவருடைய அறிவியல் குறிப்புகளைப் பறித்துக்கொண்டார்கள். வாம்பாகர் நாசிக் கட்சி உறுப்பினர். வியன்னாவிலேயே இருந்தார், ஆய்வு தொடர்ந்தது. துகள் ஆராய்ச்சிக்கான கருவி எதுவும் இல்லாத ஊரில், நாற்பத்து நான்கு வயதில், அந்தத் துறையின் முன்னோடி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். மலையுச்சியில் தகடு பரப்பும் போட்டி ஐரோப்பாவில் சூடுபிடித்த காலம் அது.

போட்டி கல்கத்தாவிலும் நடந்தது. அது போட்டி என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம். ஜகதீஷ் சந்திர போஸின் சகோதரி மகனும் போஸ் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநருமான தேவேந்திர மோகன் போஸ், 1938இல் கல்கத்தாவில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு பேசியதில் தகட்டு முறையில் ஆர்வம் கொண்டார். அவரோடு சேர்ந்தவர் பிபா சௌத்ரி. 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தவர், அந்த வகுப்பில் ஒரே பெண். டார்ஜிலிங்கிலும், 12,000 அடி உயரமுள்ள சந்தக்ஃபூவிலும், திபெத்தின் ஃபாரி ஜோங்கிலும் தகடுகளை வைத்தார்கள். 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' இதழில் அவர்கள் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. தடத்தின் நெளிவிலிருந்து அவர்கள் கணக்கிட்ட நிறை, எலக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பத்திரிகைகளில் பழகிப்போன வாக்கியம் ஒன்று காத்திருக்கிறது: இந்தியர்களுக்கு வரவேண்டிய நோபலை வெள்ளைக்காரர்கள் தட்டிப் பறித்துக்கொண்டார்கள். எழுதுவதற்குச் சுகமான வாக்கியம். எனக்கு அதில் உடன்பாடில்லை. போஸும் சௌத்ரியும் பையானைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்ல அவர்களுடைய தகடுகள் இடம் தரவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது இல்ஃபோர்டின் மட்டமான வகைத் தகடு. மேம்பட்ட வகை போர்க்காலத்தில் இந்தியாவுக்கு வரவில்லை. இந்தத் தகட்டில் பல தடங்களைச் சேர்த்துச் சராசரிதான் எடுக்க முடியும். பையானின் நிறை எலக்ட்ரானைப் போல் 273 மடங்கு, மியூவானுடையது 207 மடங்கு. இரண்டும் கலந்து கிடக்கும் குவியலில் எது எது என்று பிரிக்க அந்தப் பூச்சுக்குத் திறனில்லை. முறை சரி, மலை சரி, கணக்கும் ஏறக்குறைய சரி, ஜெலட்டின்தான் போதவில்லை. அவர்கள் இழந்தது பரிசை அல்ல, ஒரு பெட்டி நல்ல தகட்டை. பறித்துக்கொண்டார்கள் என்று கோபப்படுவதற்கு ஓர் எதிரியாவது வேண்டும். சரக்குக் கப்பல்களின் முன்னுரிமைப் பட்டியலை யார்மேல் கோபித்துக்கொள்வது?

பவலும் உடனாசிரியர்களும் 1959இல் வெளியிட்ட பெரிய நூலில், மேசானின் (எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள துகள்) தடத்தையும் புரோட்டானின் தடத்தையும் பிரித்தறியப் போஸும் சௌத்ரியும் காட்டிய வழியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நேர்மையான குறிப்பு. ஆனால் அதைப் படிக்க அந்த நூலைத் திறக்க வேண்டும்.

இதற்கிடையில் உலகம் முழுவதும் ஒரு தவறான துகள் சரியான துகளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. 1935இல் ஜப்பானின் ஹிதெகி யுகாவா அணுக்கருவைக் கட்டிவைக்கும் விசைக்கு ஒரு துகள் வேண்டும், அது எலக்ட்ரானைப் போல் 200 மடங்கு நிறையோடு இருக்கும் என்று கணித்தார். 1937இல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் காஸ்மிக் கதிரில் அந்த நிறையுள்ள ஒரு துகளைக் கண்டார்கள். பொருத்தம் பிரமாதம், கல்யாணம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் அணுக்கருவோடு ஒட்டி உறவாட வேண்டிய அந்தத் துகள் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்க்கொண்டிருந்தது. இதை உறுதியாக நிரூபித்தது ரோமில் செய்யப்பட்ட ஒரு சோதனை. அந்த நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்தபோது, மார்செல்லோ கான்வெர்ஸியும் ஒரெஸ்தே பிச்சோனியும் தங்கள் கருவிகளை வாட்டிகனுக்கு அருகிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். போப்பின் வாசலில் குண்டு போட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. நாசி எதிர்ப்புப் படையில் இருந்துவிட்டு வந்த எத்தோரே பான்சினியும் சேர்ந்துகொள்ள, மூவரும் 1947இல் முடிவை வெளியிட்டார்கள்: இது யுகாவாவின் துகள் அல்ல. மேசான் இரண்டு வகையாக இருக்க வேண்டும் என்று ஷோயிச்சி சகாதா போர்க்கால ஜப்பானில் முன்பே எழுதியிருந்தார். ஜப்பானிய மொழியில் எழுதியிருந்தார் என்பதால் 1947இல் அமெரிக்கர்கள் அதே கருத்தைப் புதிதாக அடைய வேண்டியிருந்தது.

ஆகவே பிரிஸ்டலில் குர்ஸும் ராபர்ட்ஸும் கண்ட தடம் எதற்கான விடை என்பது அந்த வேளையில் தயாராக இருந்தது. அதோடு பிரிஸ்டலில் நல்ல பூச்சும் இருந்தது. போருக்குப் பின் இல்ஃபோர்டு, வெள்ளி புரோமைடு பல மடங்கு செறிந்த புதிய தகடுகளைச் செய்து தந்தது. பிளாவ் இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலையின் விளைச்சல் இது.

இந்தப் பூச்சுக்காக நிறுவனத்தை நெருக்கியவர்களில் ஒருவர் ஜியுசெப்பே ஒக்கியாலினி. இந்த இத்தாலியரின் வாழ்க்கையைப் பார்த்தால் விதிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று நம்பத் தோன்றும். 1930களில் கேம்பிரிட்ஜில் பிளாக்கெட்டோடு சேர்ந்து, துகள் வந்தால் தானே படமெடுத்துக்கொள்ளும் மேக அறையை உருவாக்கிப் பாசிட்ரானை உறுதிசெய்தார். அந்த வேலைக்காக 1948இல் நோபல்: பிளாக்கெட்டுக்கு மட்டும். பிரேசிலில் பேராசிரியராக இருந்தபோது அந்த நாடு போரில் நேசநாடுகள் பக்கம் சேர்ந்தது. எதிரி நாட்டுக் குடிமகனாகிவிட்ட அவர் இதாதியாயா மலையில் வழிகாட்டியாகப் பிழைத்தார். பிரிஸ்டலுக்கு வந்து, தகடுகளைப் பிக் து மிதிக்கு எடுத்துச் சென்று, பையானைக் கண்டறிவதில் பங்கு கொண்டார். 1950இல் நோபல்: பவலுக்கு மட்டும். குழுவின் தலைவருக்கே கொடுப்பது அக்கால வழக்கம் என்று சமாதானம் சொல்வார்கள். மறு ஆண்டே காக்ராஃப்டும் வால்டனும் இருவராக வாங்கிக்கொண்டார்கள்.

அவருடைய பிரேசில் மாணவர் சீசர் லாட்டெஸுக்கு 1947இல் வயது இருபத்திரண்டு. பூச்சில் போராக்ஸ் கலக்கச் சொன்னவர் அவர். தடங்கள் மங்காமல் நிலைத்தது அதனால்தான். இரண்டு தடம் போதாது, இன்னும் உயரமான மலை வேண்டும் என்று உலகப் படத்தில் தேடி, பொலிவியாவின் சக்கால்தாயாவைத் தேர்ந்தெடுத்தார். 5,000 மீட்டருக்கு மேல் உள்ள மலை. அங்கிருந்து கொண்டுவந்த தகடுகளில் தடங்கள் கொத்துக்கொத்தாகக் கிடைத்தன. மறு ஆண்டு பெர்க்லிக்குப் போய், அங்கே பெரிய இயந்திரத்தில் உண்டாகிக்கொண்டிருந்தும் எவரும் அடையாளம் காணாத பையான்களைக் கார்ட்னரோடு சேர்ந்து கண்டு காட்டினார். காஸ்மிக் கதிருக்காக மலை ஏறும் காலம் முடிந்து, துகளை வேண்டியபோது செய்துகொள்ளும் காலம் அங்கே தொடங்கிற்று.

பவலைப் பற்றிக் கெட்டவிதமாக எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இடதுசாரி, அணு ஆயுத எதிர்ப்பாளர், தகடு பார்த்த பெண்களின் பெயரைப் படத்தின் கீழ் அச்சிடும் வழக்கத்தை அவருடைய குழு வைத்திருந்தது. அந்தப் பெண்களில் அவர் மனைவி இசோபெலும் ஒருவர். நல்ல மனிதர், நல்ல தலைவர், தகுதியான பரிசு. இப்படி எல்லோரும் நல்லவர்களாக இருக்கும்போதே மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள் என்பதுதான் இதில் யோசிக்க வேண்டியது. 1950ஆம் ஆண்டுப் பரிசுக்குப் பிளாவையும் வாம்பாகரையும் எர்வின் ஷ்ரோடிங்கர் பரிந்துரைத்திருந்தார். துரத்தப்பட்டவரையும் துரத்திய கட்சியின் உறுப்பினரையும் ஒரே தாளில். பரிசு, அணுக்கரு நிகழ்வுகளை ஆராயப் புகைப்பட முறையை வளர்த்ததற்காகவும் அதன்மூலம் மேசான்களைப் பற்றிக் கண்டவற்றுக்காகவும் பவலுக்கு என்று அறிவிக்கப்பட்டது.

பிளாவ் மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போனார். கொலம்பியா, புரூக்ஹேவன், மியாமி என்று மாறினார். 1960இல் கண் நோயோடு வியன்னாவுக்குத் திரும்பி, அதே ரேடியம் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தார். மீண்டும் சம்பளம் இல்லாமல். 1970இல் இறந்தார். அறிவியல் இதழ் எதிலும் இரங்கற்குறிப்பு வரவில்லை.

பிபா சௌத்ரி 1945இல் மான்செஸ்டரில் பிளாக்கெட்டின் ஆய்வகத்துக்குப் போய் காஸ்மிக் கதிர்ப் பொழிவுகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். திரும்பி வந்தவரை ஹோமி பாபா 1949இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். பிறகு அகமதாபாத், பிறகு கல்கத்தா. 1991இல் மறைந்தார். நாட்டின் பெரிய விருதுகள் எதுவும் அவர் வழியில் வரவில்லை. 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்குப் பிபா என்று பெயரிட்டது. ஓர் ஆய்வாளரை உயிரோடு இருக்கும்போது கௌரவிப்பதைவிட ஒரு விண்மீனைக் கொடுப்பது சுலபம்போலும்.

பிரிஸ்டல் மைக்ராஸ்கோப்புகளில் ஒன்றின் முன் 1948இல் ரோஸ்மேரி பிரவுன் உட்கார்ந்திருந்தார். இவர் இயற்பியல் படித்தவர். பவலிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வயது மாணவி. ஒரு துகள் நின்று மூன்று பையான்களாகப் பிரிந்திருந்த தடத்தைக் கண்டார். இன்று கேயான் எனப்படும் துகள் அது. அதே நிறையுள்ள துகள் வேறு சமயங்களில் இரண்டு பையான்களாகவும் பிரிந்தது. வலமும் இடமும் இயற்கைக்கு ஒன்று என்ற கொள்கை சரியானால் இரண்டும் ஒரே துகளாக இருக்க முடியாது. நிறையும் ஆயுளும் ஒன்றாக இருக்கின்றன, ஆனால் ஒன்றல்ல என்கிறது கொள்கை. இந்தப் புதிர் இயற்பியலை ஏழெட்டு ஆண்டுகள் ஆட்டி வைத்தது. 1956இல் லீயும் யாங்கும் கொள்கைதான் தவறாக இருக்கலாம் என்றார்கள். சியென்-ஷியுங் வூ கோபால்ட்டைக் கடுங்குளிரில் வைத்துச் செய்த சோதனையில் அது தவறுதான் என்று தெரிந்தது. 1957இல் நோபல் லீக்கும் யாங்குக்கும். வூ பட்டியலில் இல்லை. ரோஸ்மேரி 1949இலேயே முனைவர் படிப்பை விட்டுவிட்டார். உடன் ஆய்வு செய்த பீட்டர் ஃபவுலரைத் திருமணம் செய்துகொண்டார், ரதர்ஃபோர்டின் பேரன். மூன்று பெண்கள் பிறந்தார்கள். 2024 ஜூலையில், தொண்ணூற்றெட்டு வயதில், பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் தந்தது. அந்தத் தடத்தைக் கண்டபிறகு தனி மரியாதைக்கு உரியதாகத் தான் எதுவும் செய்துவிடவில்லையே என்றார் அவர்.

மலைக்கு மேலே நடந்ததைச் சொல்லிவிட்டு மண்ணுக்குக் கீழே நடந்ததை விட்டுவிட முடியாது. அதில் தமிழர்களின் வேர்வையும் இருக்கிறது. மற்ற காஸ்மிக் துகள்களைப் பாறையால் வடிகட்டிவிட்டு எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளை மட்டும் பிடிக்க, கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் வைக்கப்பட்டன. டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹம் பல்கலைக்கழகங்கள் மூன்றும் சேர்ந்து செய்த ஆய்வு. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ மண்ணுக்கடியில் விட்ட தடம் அங்கே பதிவானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ஃபிரெடெரிக் ரெய்னஸ் குழுவும் அதே ஆண்டு அதையே கண்டது. அங்கே முதல் தடம் பிப்ரவரியில் விழுந்தது, கோலாரில் அதற்குச் சில வாரங்கள் கழித்து. அச்சில் முந்தியது கோலார்: 1965 ஆகஸ்ட் 15. ரெய்னஸ் கட்டுரை அதே மாதக் கடைசியில். முன்னுரிமையை இரண்டு விதமாகவும் வாதிடலாம், வாதிடுகிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே அந்தக் கூடத்தை எட்டும் வழி ஆராய்ச்சிக்காக வெட்டப்பட்டதல்ல. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் போன தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், பொன்னுக்காக வெட்டியது. நியூட்ரினோவைப் பிடிக்கத் தேவையான ஆழம் முன்கூட்டியே தயாராக இருந்தது. நுரையீரலில் கல்தூசி படிந்து செத்தவர்கள் அதற்கான விலையைக் கொடுத்து முடித்திருந்தார்கள். கட்டுரையில் ஆழத்துக்கான மூலம் குறிப்பிடப்படுவதில்லை. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

பெயர் விடுபட்டுப்போகிறது என்ற குறை இன்று வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் 2012இல் கண்ட ஹிக்ஸ் துகளின் நிறையைத் துல்லியமாகச் சொல்லும் கட்டுரை 2015இல் வந்தது. இரண்டு பெரும் குழுக்கள் சேர்ந்து எழுதியது. 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போனது. மொத்தம் 5,154 ஆசிரியர்கள். தடத்தை இப்போது கணினி பார்க்கிறது; மோதல்களில் பெரும்பகுதியை எவர் கண்ணுக்கும் காட்டாமல் அதுவே கழித்துவிடுகிறது. முதலில் கண்டவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. 2013இல் அந்தத் துகளுக்கான நோபல் கொடுக்கப்பட்டபோது, 1964இலேயே அதைத் தாளில் எழுதிவைத்த பீட்டர் ஹிக்ஸும் ஃபிரான்சுவா ஆங்லேரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆங்லேரோடு சேர்ந்து எழுதிய ராபர்ட் பிரூட் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோயிருந்தார். ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிப்பதில்லை என்ற விதி அப்படியே இருக்கிறது. மூன்றாவது இடம் அந்த ஆண்டு காலியாகத்தான் விடப்பட்டது.